எனக்குன்னு போட்ட கல்

மாமியார்னா யாருன்னு எங்க அகராதியில முதல்ல எப்படி எழுதி வெச்சிருந்தாங்க தெரியுமா? "கணவன் அல்லது மனைவியின் தாய்." சரியாத்தானே இருக்குன்னு தலையாட்டுறீங்கல்ல? ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் தலையாட்டினாங்க. நான் மட்டும் கண்ணை மூடிக்கிட்டு, "எனக்கு ரெண்டு பேர் தெரியுறாங்க. ஒருத்தர் மனைவியோட அம்மா. இன்னொருத்தர் கணவன். ஏங்க, கட்டின புருஷனே மாமியாரா?"ன்னு கேட்டேன். மேசையைச் சுத்தி உக்கார்ந்திருந்தவங்க சிரிச்ச சிரிப்புல, கீழே டயர் கடை வெச்சிருக்கிறவர் மாடிப்படி ஏறி வந்து என்ன ஆச்சுன்னு கேட்டுட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொன்னேன். "சில வீட்டுல அதுவும் உண்டு"ன்னார் அந்த மனுஷன். அன்னையிலேர்ந்து குழம்புல உப்பு கம்மின்னு அவர் வாயைத் திறந்தா, "மாமியாரே, பேசாம சாப்பிடுங்க"ன்னு அடக்கிடுவேன்.

அதுதான் என் வேலை. அர்த்தம் எழுதுறவங்க வேற ஆளுங்க. நான் கோணலாப் படிக்கிறவ. ஆபீஸ்ல என் பட்டப்பேரே கோணக்கண்ணுதான். ஒரு வாக்கியத்தை எந்தெந்த வழியில தப்பாப் புரிஞ்சுக்க முடியுமோ அத்தனை வழியிலயும் நான் புரிஞ்சுக்கணும். எழுதினவங்களுக்கு அது வராது. அவங்க மனசுல அர்த்தம் ஏற்கனவே உக்கார்ந்திருக்கு, வாக்கியம் எப்படி நொண்டினாலும் அவங்களுக்கு நேரா நடக்குற மாதிரிதான் தெரியும். ஆனா அகராதியைப் புரட்டுறவன் அர்த்தம் தெரியாமத்தானே புரட்டுறான்? அவனுக்குப் பதிலா நான் உக்கார்ந்திருப்பேன்.

ஒரு சொல்லுக்கு ஒரு அட்டை. எழுதினவங்க அட்டையைச் சத்தமாப் படிப்பாங்க. நான் கண்ணை மூடிக்கிட்டு என்ன தெரியுதோ அதைச் சொல்வேன். குடைக்கு "மழையில் நனையாமல் பிடித்துக்கொள்ளும் கருவி"ன்னு ஒருத்தர் எழுதினார். "குடை நனையாமப் பிடிக்கணும்னா அதுக்கு மேல இன்னொரு குடை வேணுமே சார்"னேன். தொட்டிலுக்கு "குழந்தை தூங்க ஆட்டும் படுக்கை." பாவம் அந்தக் குழந்தை, தானே ஆட்டிக்கிட்டுத் தானே தூங்கணுமாம். இப்படி நான் சொல்லச் சொல்ல அவங்க அடிச்சு அடிச்சு எழுதுவாங்க. வாக்கியம் ஒரே ஒரு வழியில மட்டும் போகுதுன்னு ஆனப்புறம் அட்டையில சிவப்பு மையில ஒரு சுழி போடுவேன். என் சுழி இல்லாம எந்த அட்டையும் அச்சுக்குப் போகாது.

எங்க ஆசிரியருக்கு நாங்க வெச்ச பேரு முற்றுப்புள்ளி. எந்தப் பேச்சா இருந்தாலும் "அவ்வளவுதான்"னு சொல்லிட்டு எழுந்து போயிடுவார். அவர் ஒரு ஏற்பாடு வெச்சிருந்தார். படிக்கிறவ அசந்துடக் கூடாதுன்னு, கட்டுக்கு ஒண்ணு ரெண்டு அட்டையை வேணும்னே கெடுத்து உள்ளே சொருகி வைப்பாங்க. அதுக்குப் பேரு கல். அரிசியில கிடக்குமே, அந்தக் கல். எது கல்லுன்னு முன்கூட்டிச் சொல்ல மாட்டாங்க. நான் பொறுக்கிட்டேன்னா அன்னைக்கு ஒழுங்காப் படிச்சிருக்கேன்னு அர்த்தம். விட்டேன்னா மொத்தக் கட்டையும் திரும்பப் படிக்கணும். நான் ஒரு நாளும் விட்டதில்லை. பெருமைக்குச் சொல்லலை. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன், வேற எதுக்குச் சொல்லுவாங்க?

அர்த்தம் எழுதுறவங்கள்ல ஒருத்தி என் நாத்தனார், வீட்டுக்காரரோட ஒரே தங்கச்சி. நான் அந்த வீட்டுக்கு வாழப் போனப்ப அவ பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்தா. காலையில அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான்தான். கல்யாணமே வேண்டாம்னு இருந்துட்டா. அகராதி ஆபீஸ்ல அவ சேர்ந்த பிறகு, ஒரு அச்சகத்துல பிழை திருத்திக்கிட்டிருந்த என்னையும் இழுத்துக்கிட்டு வந்தா. "எங்க அண்ணிகிட்ட எதைக் கொடுத்தாலும் நோண்டி நோண்டிக் குத்தம் கண்டுபிடிப்பாங்க சார்"னு முற்றுப்புள்ளிகிட்ட சிபாரிசு வேற. இப்படி ஒரு நற்சான்று எந்த நாத்தனாரும் எந்த அண்ணிக்கும் கொடுத்திருக்க மாட்டா.

ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே கேரியர்ல ரெண்டு பேருக்கும் சாப்பாடு. கண்டக்டர்கூட ஒரு தடவை "நீங்க அக்கா தங்கச்சியா?"ன்னு கேட்டார். "இல்லை, நாத்தனாரும் அண்ணியும்"னு நான் சொன்னதும், "ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காருறீங்களே?"ன்னு அதிசயப்பட்டுக்கிட்டே போனார்.

அப்புறம் வீட்டுக்காரர் போயிட்டார். காலையில முகம் சவரம் பண்ணிக்கிட்டிருந்தவர் அப்படியே நாற்காலியில சாஞ்சார், எழுந்திரிக்கவே இல்லை. ஒரு கன்னத்துல சோப்பு நுரை அப்படியே இருந்துச்சு. முற்றுப்புள்ளிகூட எந்தப் பேச்சையும் அவ்வளவு சுருக்கா முடிச்சதில்லை.

காரியமெல்லாம் முடிஞ்சு ஆபீஸுக்குத் திரும்பி வந்த கொஞ்ச நாள்ல துணைங்கற சொல் மேசைக்கு வந்துச்சு. எழுதினது நாத்தனார். படிச்சா: "தனியாக இருப்பவருடன் இருப்பவர்."

நான் கண்ணை மூடினேன். "யாரும் தெரியலை"ன்னேன். "கூட ஆள் இருந்தா அவங்க தனியா இருக்கிறவங்க இல்லை. தனியா இருந்தா கூட ஆள் இல்லை. இது யாரைச் சொல்லுதுடி?"

அவ மாத்தி எழுதினா: "தனிமை நீங்க உடன் இருப்பவர்." "நீங்கன்னா யாரு, நானா? தனிமை நானா?"ன்னு கேட்டேன். ஒருத்தரும் சிரிக்கலை. மறுபடி மாத்தினா: "விட்டுப் பிரியாமல் உடன் இருப்பவர்." "அப்படி ஒருத்தரை எனக்குக் காட்டு, இப்பவே சுழி போடுறேன்"னேன்.

அந்த அட்டையை நான் விடலை. அது மட்டுமா, கட்டில், கதவு, நாற்காலின்னு எதை எடுத்தாலும் எனக்கு ஓட்டை தெரிஞ்சுது. தெரிஞ்சா சொல்லணும், அதுக்குத்தானே என்னை வெச்சிருக்காங்க? நாள் கணக்கா அட்டைங்க மேசையிலயே கிடந்துச்சு. முற்றுப்புள்ளி "அவ்வளவுதான்"னு சொல்லிப் பார்த்தார். "அவ்வளவு இல்லை சார், இன்னும் இருக்கு"ன்னேன்.

ஒரு நாள் நாத்தனார் என்கிட்ட வந்து மெதுவாச் சொன்னா. "அண்ணி, பின்னாடி காகிதம் வைக்கிற ரூமைச் சுத்தம் பண்ணி உங்களுக்கு மேசை போட்டிருக்கோம். இனிமே எல்லாரும் சேர்ந்து உக்கார வேண்டாம். நான் தட்டுல வெச்சுக் கொண்டுவந்து தரேன், நீங்க அமைதியாப் பாருங்க."

எனக்கும் அது பிடிச்சுது. ரூமுக்கு ஒரு சன்னல். கீழே டயர் கடையில காத்து அடிக்கிற சத்தம். தினம் காலையில ஒரு தட்டு நிறைய அட்டை. எல்லாத்துலயும் பிழை இருந்துச்சு, எல்லாத்தையும் பிடிச்சேன். சாயங்காலம் நாத்தனார் வந்து தட்டை எடுத்துக்கிட்டுப் போவா. "துணை என்னடி ஆச்சு?"ன்னு அப்பப்போ கேட்பேன். "சார்கிட்ட இருக்கு அண்ணி"ம்பா. "இன்னும் எவ்வளவு மிச்சம்?"னா, "இருக்கு அண்ணி, நிறைய இருக்கு"ம்பா.

பஸ்ல வீட்டுக்குப் போறப்ப அன்னைக்குப் பிடிச்சதை எல்லாம் அவளுக்குச் சொல்லிக்கிட்டே போவேன். இது எப்படித் தெரிஞ்சுது, அது எப்படி ஒளிஞ்சிருந்துச்சுன்னு. அவ கண்ணை அகல விரிச்சுக்கிட்டு, "ஐயோ அண்ணி, அதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"ன்னு கேட்பா. எனக்கு அன்னைக்குச் சாப்பிட்ட சோறு செரிச்ச மாதிரி இருக்கும். அவர் போனப்புறம் என் வாயில சிரிப்புன்னு ஒண்ணு வந்துச்சுன்னா அது அந்த பஸ்லதான்.

வீட்டுக்கு வந்ததும் அவ ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவா. உள்ளே எழுதுற சத்தம் கேட்கும். நான் கதவைத் தட்டினா எதையோ அவசரமா மூடி வைப்பா. சரி, கழுதைக்கு இந்த வயசுல யாரோ ஒருத்தன் கிடைச்சிட்டான் போல, அவனுக்குக் கடுதாசி எழுதுறான்னு நினைச்சேன். சந்தோஷமாத்தான் இருந்துச்சு. எதையும் கேட்டுக்காம, கடைக்குப் போய் நல்ல சென்ட் பாட்டில் ஒண்ணு வாங்கி அவ மேசையில வெச்சேன். "எதுக்கு அண்ணி இதெல்லாம்?"னு கேட்டவ திடீர்னு அழ ஆரம்பிச்சுட்டா. ஆனந்தக் கண்ணீர்னு நினைச்சேன், மடச்சி.

அப்படி ஒரு நாள் காலையில தட்டுல மேலாக இருந்த அட்டை கிண்ணம். "சிறிய குழந்தையின் உணவுப் பாத்திரம்." சின்னது குழந்தையா, பாத்திரமா? பேனாவை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்னுபோச்சு.

இதே மாதிரி நேத்தும் ஒண்ணு பார்த்த ஞாபகம். கீழே இருந்த அட்டைகளை எடுத்து மேசை மேல பரப்பினேன். ஊசி: "கூரான துணி தைக்கும் கருவி." பூட்டு: "கனமான கதவின் இரும்புச் சாதனம்." திரை: "மெல்லிய சன்னல் மறைப்பு." எல்லாத்துலயும் முதல் சொல்லுதான் ஆடுது. அந்த ஒரு சொல்லைத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சா வாக்கியம் சரியாப் போயிடும். இத்தனை காலம் இந்த வேலையைப் பார்த்தவளுக்குத் தெரியும்ங்க, தெரியாமத் தவறி விழுந்த பிழை இப்படி இருக்காது. அது வாக்கியத்தோட வயித்துக்குள்ள இருக்கும். ஒரு இடத்தைச் சரி பண்ணப் போனா இன்னொரு இடம் இடிஞ்சு விழும், எழுதினவங்க தலையைப் பிச்சுக்குவாங்க. வேணும்னே போடுற கல்லுதான் இப்படி வழவழன்னு இருக்கும். அதுலயும் முதல் சொல்லுல போடுறது யாரோட கைன்னு எனக்கு நல்லாவே தெரியும். மேசையில எல்லாரும் உக்கார்ந்திருந்த காலத்துலயே, முதல் சொல் ஆடினா "இது உன் கல்லுதானேடி"ன்னு நாத்தனார் காதைத் திருகியிருக்கேன்.

ஒரு கட்டுல ஒரு கல் இருக்கலாம், ரெண்டு இருக்கலாம். தட்டு முழுக்கவா கல் இருக்கும்?

என்னமோ சோதனை வைக்கிறாங்க போலன்னுதான் முதல்ல தோணுச்சு. முற்றுப்புள்ளியோட புது ஏற்பாடு போலன்னு. வெச்சுக்கட்டும், எனக்கென்ன பயமான்னு சுழி போடப் போறேன், அப்ப மாடிப்படியில தபதபன்னு சத்தம் கேட்டுச்சு. எங்க புத்தகங்களுக்கு அட்டை கட்டுற பைண்டர் தோள்ல ஒரு பெட்டியோட வந்து வாசல்ல நின்னார்.

"முன்னாடி ஒருத்தரையும் காணோம்மா. எல்லாரும் டீ குடிக்கப் போயிட்டாங்க போல. மூணு பெட்டியைக் கூடத்துல இறக்கிட்டேன், இதை இங்கே வைக்கட்டுமா?"ன்னார்.

"என்ன பெட்டி?"

"அகராதிம்மா!" வாயெல்லாம் பல்லாச் சிரிச்சார். "வந்தாச்சு, வந்தாச்சு. உங்க பேருகூடப் போட்டிருக்காங்க பார்த்தீங்களா? அந்தப் பக்கத்தை மடிச்சது நான்தான்."

பெட்டியைப் பிரிச்சு ஒரு புத்தகத்தை எடுத்து என் கையில வெச்சார். கனத்துல கை தாழ்ந்துச்சு. பசை வாசனை இன்னும் போகலை.

"எப்ப அச்சுக்குப் போச்சு இது?"ன்னு கேட்டேன்.

"அது ஆச்சும்மா, போன மழைக்கு முன்னாடியே. காகிதம் நனைஞ்சுடப் போகுதுன்னு தார்ப்பாய் போட்டு மூடினதே நான்தானே? அச்சு ஆகி, அட்டை கட்டி, இவ்வளவு நாள் பிடிச்சுடுச்சு." அவர் நல்ல மனுஷன். என் முகத்தைப் பார்த்து எதுவோ சரியில்லைன்னு தெரிஞ்சிருக்கணும். அடுத்த பெட்டியை எடுக்கிறேன்னு கீழே போயிட்டார்.

மழை போய் வெயில் போய் அடுத்த மழை வரப் போகுது. நான் அந்த ரூம்ல உக்கார்ந்து சுழி போட்டுக்கிட்டிருக்கேன்.

கிண்ணத்தைப் பிரிச்சேன். "உணவு வைத்து உண்ணும் சிறிய பாத்திரம்." கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஊசியைப் பார்த்தேன், பூட்டைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். அச்சாகி அட்டை கட்டினதை எடுத்துக் கெடுத்து என் தட்டுல வெச்சிருக்கா. செத்த பாம்பை என் கையில கொடுத்து அடிக்கச் சொல்லியிருக்கா. நானும் அடிச்சு அடிச்சு, பஸ்ல வேற உக்கார்ந்து எப்படி அடிச்சேன்னு கதை சொல்லியிருக்கேன்!

அப்புறம் துணையைப் பிரிச்சேன். "உடன் இருப்பவர்." அவ்வளவுதான். ரெண்டே சொல்லு. என்னை ஒரு வார்த்தை கேட்காம முடிச்சிட்டாங்க. அந்தச் சொல்லு அங்கே நிம்மதியா உக்கார்ந்திருந்துச்சு.

முதல் பக்கத்துக்கு வந்தேன். "வாசித்துச் சரிபார்த்தவர்"னு போட்டு, கீழே என் முழுப்பேரு.

படியில பேச்சுச் சத்தம் கேட்டுச்சு. நாத்தனார் எனக்கு டீ எடுத்துக்கிட்டு நேரா ரூமுக்கு வந்தா. என் கையில புத்தகத்தைப் பார்த்தா. டீ தளும்பி அவ விரல்ல ஊத்துச்சு. கையை உதறக்கூட இல்லை.

"அண்ணி..."

"அண்ணி இருக்கட்டும். இது என்னடி?"

"புத்தகம்."

"அப்ப இது?"ன்னு தட்டைக் காட்டினேன்.

அவ டீயை மேசை ஓரமா வெச்சா.

"இதுல எது எது நீ போட்ட கல்லு?"

"எல்லாமேதான் அண்ணி."

"இன்னைக்கா?"

"தினமும்."

"வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு எழுதினியே..."

"இதைத்தான் எழுதினேன் அண்ணி. அச்சுக்குப் போன அட்டையை எடுத்து, ரொம்பச் சுலபமாவும் இல்லாம, ரொம்பக் கஷ்டமாவும் இல்லாம..."

"அந்தச் சென்ட் பாட்டிலைத் திருப்பிக் கொடுடி!"ன்னு கத்தினேன். எங்கேயோ போக வேண்டிய கோபம் அங்கே போய் நின்னுச்சு. "ஏண்டி பாவி, என் கையாலதானே தலை பின்னிக்கிட்டே? கூட இருந்தே குழி பறிப்பியா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ ஒரு அகராதியையே மறைச்சிட்டியேடி! 'எப்படி அண்ணி கண்டுபிடிச்சீங்க'ன்னு கண்ணை விரிச்சுக்கிட்டுக் கேட்டியே, முந்தின நாள் நீ போட்டதை மறுநாள் நான் எடுத்தப்ப உனக்குச் சிரிப்பா வந்துச்சா?"

"சிரிப்பா வரும் அண்ணி?" அவ குரல் உடைஞ்சுது. "துணையிலேயே எல்லாம் நின்னுபோச்சு. சார் உங்களை வீட்டுக்கு அனுப்பிடலாம்னார். நீங்க வீட்டுல அண்ணன் சாஞ்ச நாற்காலியையே பார்த்துக்கிட்டு உக்கார்ந்திருந்தீங்களே, நான் பார்த்தேனே. காலையில நீங்க எழுந்து, தலை சீவி, பஸ் ஏறணும். எனக்கு அவ்வளவுதான் வேணும். வேற வழி தெரியலை."

இதுவும் நியாயம்தானேன்னு நீங்க நினைப்பீங்க. நினைச்சுக்குங்க. வீட்டுக்குப் போன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், அது என் பாடு. சின்ன வயசுல விளையாட்டுல ஒரு பொடிசை உப்புக்குச் சப்பாணின்னு சேர்த்துக்குவோமே? ஓடவும் ஓடும், தொடவும் தொடும், ஆனா அது தொட்டா யாரும் அவுட் இல்லை. அந்தப் பொடிசுக்கு மட்டும் அது தெரியாது. புருஷனைப் பறிகொடுத்தவளைப் பிடிச்சு அந்த இடத்துல நிறுத்தியிருக்காங்க. தினம் சாயங்காலம் நான் ஜெயிச்சேன்னு அவளே கை வேற தட்டியிருக்கா.

"ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன்"னேன். "அந்த ரூமுக்கு நான் வந்த பிறகு பார்த்ததுல, ஒண்ணாவது இந்தப் புத்தகத்துல இருக்கா?"

அவ தரையைப் பார்த்தா. அப்புறம் நிமிர்ந்து, "இருக்கு அண்ணி"ன்னா.

"எது?"

"குடை."

"குடை உங்க அண்ணன் உயிரோட இருந்தப்ப நான் பார்த்தது. சாப்பிடும்போது சொன்னேன், குடைக்கு மேல குடையான்னு அவர் சிரிச்சுப் புரையேறி நீதான் தலையில தட்டினே. இப்பவும் கல்லுதானா? நேருக்கு நேர் கேட்டாலும் கல்லுதான் போடுவியா?"

சத்தம் கேட்டு முற்றுப்புள்ளி வந்தார். பின்னாடி மத்தவங்க. ஒருத்தர் கண்ணும் என் கண்ணைப் பார்க்கலை. அப்ப எல்லாருக்கும் தெரியும். தினம் காலையில "வணக்கம்மா, இன்னைக்கு எத்தனை கல்லு?"ன்னு சிரிச்சவங்க எல்லாருக்கும் தெரியும்.

"ஏம்மா, நாங்க ஒண்ணும் உங்களை மறந்துடலையே"ன்னார் முற்றுப்புள்ளி. "முதல் பக்கத்துலயே உங்க பேரைப் போட்டிருக்கோம் பாருங்க. உங்களுக்குப் பண்ற மரியாதை. அவ்வளவுதான்."

நான் அந்த வரியை இன்னொரு தடவை பார்த்தேன். பழக்கதோஷம், கண்ணை மூடினேன். "வாசித்துச் சரிபார்த்தவர்." எத்தனை கோணத்துல திருப்பினாலும் அதுல ஒரே ஒரு அர்த்தம்தான் தெரிஞ்சுது. வாசிச்சது நான், சரிபார்த்தது நான். ஓட்டை இல்லை, குழப்பம் இல்லை, ரெண்டு விதமாப் படிக்கவே வழியில்லை. அவ்வளவு சுத்தமான பொய்யை என் ஆயுசுல பார்த்ததில்லை.

பாதிப் புத்தகத்துக்கு மேல அந்தப் பேரு பொருந்தும், எனக்குத் தெரியும். மாமியாரும் தொட்டிலும் குடையும் என்னோடதுதான். ஆனா மிச்சத்தை நான் பார்க்கலையே? துணையை நான் விடலையே? அதுக்கும் சேர்த்துத்தானே அந்தப் பேரு நிக்குது?

சிவப்புப் பேனாவை எடுத்தேன். கையில இருந்த புத்தகத்துல என் பேரு மேல ஒரு கோடு இழுத்தேன். பெட்டியிலிருந்து அடுத்ததை எடுத்து, முதல் பக்கத்தைப் பிரிச்சு, அதுலயும் இழுத்தேன். அடுத்தது.

"என்னம்மா பண்றீங்க? கடைக்குப் போக வேண்டிய புத்தகம்!"னு முற்றுப்புள்ளி பதறினார்.

"கல் பொறுக்குறேன் சார்"னேன்.

அவர் வாயைத் திறந்தார். "அவ்வளவுதான்"கூட வரலை. திறந்த வாயை மூடிக்கிட்டுப் போயிட்டார்.

அந்தப் பெட்டியை முடிச்சுட்டுக் கூடத்துக்குப் போனேன், மத்த பெட்டிங்க அங்கேதான் இருந்துச்சு. தரையில உக்கார்ந்தேன். பைண்டர் ஒரு ஓரமா நின்னு, தான் மடிச்ச பக்கத்துல சிவப்புக் கோடு விழுறதைப் பார்த்துக்கிட்டே இருந்தார். அவருக்கு மட்டும் ஒரு மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு நாத்தனார் வந்து எதிர்ல உக்கார்ந்தா. பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தைப் பிரிச்சு, மடங்காம ஒரு கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு என் பக்கம் தள்ளினா. டீ ஊத்தின விரல் சிவந்து போயிருந்துச்சு. நான் அவ முகத்தைப் பார்க்கலை. கோடு இழுத்தேன். அவ அடுத்ததை எடுத்தா.

தட்டு வந்த நாளிலேர்ந்து அந்த ஆபீஸ்ல நான் பார்த்த நிஜமான வேலை அதுதான்.

சாயங்காலம் என் கண்ணாடியையும் சிவப்புப் பேனாவையும் பையில போட்டுக்கிட்டு இறங்கினேன். கேரியரை அவ எடுத்துக்கிட்டா. மத்தியானம் ரெண்டு பேருமே சாப்பிடலை, கனமா இருந்திருக்கும். பஸ்ல நான் முன்னாடி போய் ஒத்தை ஸீட்ல உக்கார்ந்தேன்.

கண்டக்டர் வந்தார். பழக்கத்துல, கேட்காமலே ரெண்டு டிக்கெட்டைக் கிழிக்கப் போனார்.

"ஒண்ணு போதும்"னேன்.

அவர் என்னைப் பார்த்தார், பின்னாடி திரும்பிப் பார்த்தார், ஒண்ணை மட்டும் கிழிச்சுக் கொடுத்தார். பின்னாலேயிருந்து நாத்தனார் குரல் கேட்டுச்சு.

"எனக்கும் ஒண்ணு. அவங்க இறங்குற இடம்தான்."